காரில் ஓர் இடம்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குப் பதினோரு ஆண்டுகள் ரயிலில் வேலைக்குப் போனேன். பெண்கள் பெட்டியில் நாங்கள் ஐந்து பேர் எப்போதும் சேர்ந்துதான் உட்காருவோம். அவர்களில் எனக்கு மிகவும் நெருக்கமானவள் துணிக்கடையில் புடவை எடுத்துப் போடும் வேலை பார்த்தாள். என்னைவிட ஆறேழு வயது இளையவள். வேகவைத்த மல்லாட்டையை உரித்து உரித்துக் கடலையை என் கையில் வைத்துக்கொண்டே பேசுவாள்.

ஒரு மழை நாளில் ஸ்டேஷனிலிருந்து நனைந்துகொண்டே அலுவலகம் போய்ச் சேர்ந்தேன். புதிதாக வேலைக்கு வந்திருந்த பெண் தன் காரைப் பூட்டிக்கொண்டே, "மேடம், நீங்க இன்னும் ட்ரெயின்லதான் வர்றீங்களா?" என்றாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். எனக்குத்தான் அன்று முழுக்க வேலை ஓடவில்லை. அதுவரை ஒரு குறையாகத் தெரியாத ரயில் அன்றிலிருந்து அவமானமாகிவிட்டது.

நான்கு மாதத்தில் கார் வாங்கினேன். வெள்ளைக் கார். முதல் வாரம் அலுவலக ஜன்னலிலிருந்து அதை எட்டி எட்டிப் பார்த்தேன். பிறகு பார்ப்பது நின்றுவிட்டது. நெடுஞ்சாலையில் தனியாகப் போகும்போது பாட்டு போட்டுக்கொள்வேன். யாரோடும் பேசாமலே அலுவலகம் வந்துவிடும்.

ஒருநாள் அந்தத் துணிக்கடைத் தோழி போன் செய்தாள்.

"அக்கா, வியாழக்கிழம விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குப் போவணும். உங்க கூட கார்ல வந்துடட்டுமா? ட்ரெயின்ல நிக்க முடியலக்கா."

முன்பு ஒருமுறை எல்லோரும் வேனில் மேல்மலையனூர் கோயிலுக்குப் போனபோது அவள் வழியெல்லாம் வாந்தி எடுத்தாள். அதுதான் எனக்கு நினைவு வந்தது. புதுக் காரின் சீட் மேலிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூட நான் அப்போது பிரித்திருக்கவில்லை.

"அன்னிக்கு நான் வேற வழியா போறேம்மா" என்றேன்.

"பரவாயில்லக்கா. நான் ட்ரெயின்லயே போய்க்கிறேன்."

உடம்புக்கு என்ன என்று நான் கேட்கவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பல மாதங்கள் கழித்து, கார் சர்வீஸுக்குப் போயிருந்த ஒருநாள் மறுபடி ரயில் ஏறினேன். எங்கள் பழைய கூட்டத்தில் மூன்று பேர் இருந்தார்கள். அவள் எங்கே என்று கேட்டேன். அவர்களில் மூத்தவள் என்னையே பார்த்தாள்.

"உனக்குத் தெரியாதா? அவ போய் ரெண்டு மாசம் ஆவுதே. கேன்சரு."

"ஏன்க்கா எங்கிட்ட சொல்லல?"

"நீ கார்ல போய்க்கினு இருக்க, உன்ன எதுக்கு பேஜாரு பண்ணணும்னு அவதான் சொல்ல வேணாம்னா."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். காரை வெகுதூரம் தள்ளி நிறுத்திவிட்டு நடந்தேன். அவள் கணவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். வியாழக்கிழமை பற்றிச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போயிருந்தேன். அதற்குள் அவரே பேச ஆரம்பித்தார்.

"நீங்க கார் வாங்குனதுல அதுக்கு ரொம்ப சந்தோஷங்க. எங்க அக்கா கார் ஓட்டிக்கினு வேலைக்குப் போவுதுன்னு தெருவெல்லாம் சொல்லிக்கினு இருந்துச்சு."

நான் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. அவர் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

காரை விற்றுவிடலாம் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். இதுவரை விற்கவில்லை. ரயிலுக்குத் திரும்பினால் அந்த மூவரின் முகத்தைத் தினமும் பார்க்க வேண்டும். அந்தத் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.