நான்கு எழுத்தின் மேல் ஒரு முடிச்சு

ஆண்டாளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் தன் இடது முன்கையில் இருக்கும் நான்கு பச்சை எழுத்துகளும் சேர்ந்தால் ‘குப்பாயி’ என்பது மட்டும் தெரியும். நாற்பது வருடமாக அவள் சுமந்த பெயர் அது. அவளுடைய பெயர் அல்ல.

அம்மா இருசம்மாள் வைத்த பெயர் ஆண்டாள். ரிஷிவந்தியம் பக்கம் அவர்கள் கூலிக்குப் போன பண்ணைவீட்டுக்காரரின் தாய்க்கும் அதே பெயர். “சாணி அள்ள வர்ற பொண்ண எங்கம்மா பேரச் சொல்லியா தெருவுல கத்திக் கூப்புடறது?” என்று கேட்டார் அவர். மார்கழி முழுக்க அந்தப் பெயரைச் சொல்லிக் கும்பிட்ட வாய், அதே பெயர் சேரிக் குழந்தைக்கு இருப்பதைப் பொறுக்கவில்லை. எட்டு வயதில் அவளைச் சந்தைக்கு இழுத்துப் போய், பச்சை குத்துகிறவள் முன்னால் உட்காரவைத்தார்கள். எந்தச் சாமியும் வந்து தடுக்கவில்லை.

அதற்குப் பிறகு இருசம்மாள் குடிசைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் மகளை ஆண்டாள் என்று கூப்பிடுவாள். அவள் செத்த பிறகு அந்தப் பெயரைச் சொல்ல ஆளில்லை. கட்டிய புருஷன் மாயவனுக்கே தெரியாது.

மகள் பச்சையம்மாளின் கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போன வாரம்தான் அவள் வாயைத் திறந்தாள். “என் பேர ஆண்டாள்னு போடச் சொல்லுயா.”

“அது யாரு?” என்றான் மாயவன்.

கதை முழுவதையும் கேட்டு முடித்தான் மாயவன். பிறகு கேட்டான்: “அப்போ இருவத்தெட்டு வருசமா நான் யாரு கூட குடும்பம் நடத்திக்கினு கீறேன்?”

அந்தக் கோபத்தோடுதான் இப்போது கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்மாடியில், சின்னராசுவின் டாட்டூ கடை பெஞ்சில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ‘இங்கே சாதிப் பெயர் குத்த மாட்டோம்’ என்ற பலகையைப் படித்துச் சொல்லி, இந்தக் கடைக்கு அம்மாவை அனுப்பியவள் பச்சையம்மாள். அச்சகத்துக்காரர் சாயங்காலத்துக்குள் பெயரை முடிவுசெய்து சொல்லச் சொல்லியிருந்தார்.

“அழிக்க முடியாதுக்கா. மேல இன்னொண்ணு போட்டு மறைக்கலாம்,” என்ற சின்னராசு செல்போனில் ஒவ்வொரு படமாகத் தள்ளினான். சிங்கம், மயில், ரோஜா. எதற்கும் அவள் தலையாட்டவில்லை. பின்னிப் பின்னிப் போகும் ஒரு கோட்டுப் படம் வந்ததும் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“இது செல்டிக் முடிச்சுக்கா. அயர்லாந்து பக்கத்துது. கோட்டுக்கு மொதலும் இல்ல, முடிவும் இல்ல. இன்னா அர்த்தம்னு குத்திக்கிறவங்களே வெச்சிக்குவாங்க.”

“எத்தினி புரி?”

“ஒரே கோடுதான்.”

“ஒத்தப் புரி நிக்காது, தம்பி. ரெண்டாப் போடு.”

ஆலைக்குப் போகும் கரும்பை மாயவன் வெட்டிச் சாய்ப்பான். அவள் இரண்டு தோகையை முறுக்கி, கட்டுக் கட்டாகக் கட்டிப் போடுவாள். இருபத்தெட்டு வருடத்தில் அவள் கட்டிய கட்டு எதுவும் லாரியில் அவிழ்ந்ததில்லை.

சின்னராசு காகிதத்தில் அவள் கைக்கு ஏற்றபடி இரண்டு புரியாக வரைந்து காட்டினான். அவள் விரல் கோட்டின் மேல் மெதுவாக ஊர்ந்து, ஓரிடத்தில் நின்றது.

“இங்க ரெண்டு தபா மேலயே போவுதே. இழுத்தா அவுந்துடும்.”

“படத்த யாருக்கா இழுக்கப் போறாங்க?”

பெஞ்சிலிருந்து மாயவன் எழுந்து வந்தான். குனிந்து பார்த்தான். “அது சொல்றது ரைட்டுதான், தம்பி. இந்தப் புரி கீழ போவணும்.”

சின்னராசு திருத்தி வரைந்தான். மிஷின் ஊசி கையில் இறங்கியதும் அவளுக்குச் சந்தையின் அந்த நாள் நினைவுக்கு வந்தது. அன்று நாலு பேர் கையை அமுக்கிப் பிடித்திருந்தார்கள். இன்று யாரும் பிடிக்கவில்லை. மாயவன் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

“ஏன்மே எங்கிட்ட சொல்லல?”

“அவங்க கூப்ட்டப்ப எரிஞ்சிது. நீ கூப்ட்டப்ப நல்லா இருந்திச்சு. சொன்னா நீயும் கூப்புடறத வுட்டுடுவியோன்னுதான்.”

அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினான். முதல் எழுத்தைக் கறுப்புக் கோடு கடந்தது, பிறகு இரண்டாவதை.

“ரெண்டுல ஒண்ணு எனக்கா?” என்றான்.

“பின்ன? அடுத்த வூட்டுக்காரனுக்கா?”

சின்னராசு சிரித்துவிட்டு ஊசியைத் தூக்கினான். “சிரிக்க வெக்காதீங்கக்கா, கோடு கோணிடும்.”

வேலை முடிவதற்குள் மாயவன் கீழே அச்சகத்துக்குப் போய்விட்டான். அவள் கையில் கண்ணாடித்தாள் சுற்றிக்கொண்டு படியிறங்கி வந்தபோது பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கூட்டம். அவனைக் காணவில்லை.

“ஆண்டாளூ!”

அச்சக வாசலில் நின்று, ஊர் கேட்கக் கத்தினான் மாயவன். பழகாத பெயர் என்பதால் குரல் நடுவில் உடைந்தது. இன்னொரு முறை கத்தினான். சங்கராபுரம் பஸ்ஸுக்கு நின்றிருந்த யாரோ ஒரு பெண்ணும் தன்னைத்தான் என்று சடக்கென்று திரும்பிப் பார்த்தாள். யாருடைய அம்மாவுக்கும் எந்த அவமானமும் நேரவில்லை.

“வரேன்யா, கத்தாத,” என்று சொல்லிக்கொண்டே ஆண்டாள் வேண்டுமென்றே மெதுவாக நடந்தாள்.