நடுவில் ஒரு சக்கரம்

கார் லைசென்ஸ் பரீட்சைக்குப் பயந்துதான் கிளிஃபர்ட் மூன்று சக்கரக் காரை வாங்கினான். இங்கிலாந்தில் அதை ஓட்ட மோட்டார் சைக்கிள் லைசென்ஸே போதும். யார்க்‌ஷயர் சுரங்கத் தொழிலாளிகள் பலரும் செய்ததுதான். அதே லைசென்ஸ் அவன் மனைவி எனிடிடமும் இருந்தது. போர்க்காலத்தில் ராணுவத் தபாலை மோட்டார் சைக்கிளில் கொண்டுபோனவள். ஆனாலும் ஸ்டியரிங்கை அவன் அவளிடம் விட்டதே இல்லை.

பனிக்காலம் வந்தால் எனிடுக்குத் தலைவலி. மற்ற கார்கள் போன தடம் இரண்டு, நடுவில் பனி மேடு. இந்தச் சனியனின் ஒற்றை முன்சக்கரம் அந்த மேட்டில்தான் போய் ஏறிக்கொள்ளும். அதனால் அண்ணன் மகள் கல்யாணத்துக்குப் புதுத் தொப்பி போட்டுக் கிளம்பியவள், மண்வெட்டியால் மேட்டை வெட்டியபடி காருக்கு முன்னால் நடந்தாள்.

"கொஞ்சம் இடப்பக்கம் வெட்டு, கண்ணு!" கிளிஃபர்ட் ஜன்னல் வழியே கத்தினான்.

"இதுக்கு நான் நடந்தே போயிருப்பேன்!"

"நடந்தா குளிருமே."

சர்ச் வாசலில் அண்ணன் பெர்சி வாயைப் பிளந்தான். "பஸ்ஸே வரலை, நீங்க எப்படி வந்தீங்க?"

கிளிஃபர்ட் காரைத் தட்டிக்கொடுத்தான். "நம்ம வண்டி எந்தப் பனியிலயும் போகும், மச்சான்."

எனிட் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

விருந்து முடிவதற்குள் மறுபடி பனி கொட்டிவிட்டது. கிளிஃபர்ட் வெளியே வந்தபோது அவன் இடத்தில் எனிட் உட்கார்ந்திருந்தாள். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியே மண்வெட்டி நீண்டது.

"கொஞ்சம் இடப்பக்கம் வெட்டு, கண்ணு."