மாத்திரைக்கும் பாடு வைத்த ஊர்

கேள்வி கேட்டே சம்பளம் வாங்கும் தொழில் இரண்டு பேருக்குத்தான் வாய்த்திருக்கிறது. ஒருவர் வக்கீல், இன்னொருவர் எங்களைப் போன்ற சுகாதார சர்வே ஆட்கள். வக்கீலுக்காவது பயந்து பதில் சொல்வார்கள். நம்மைக் கண்டால் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டே "வீட்ல யாரும் இல்ல" என்பார்கள். வீடு வீடாக ஏறி இறங்கிச் செருப்புத் தேய்ந்த என் சகோதர சகோதரிகளே, உங்களுக்குத் தெரியாததா!

எனக்குக் கிடைத்தது அரசாங்கப் பணத்தில் நடந்த ஓர் ஆராய்ச்சி. இலவசமாகக் கொடுக்கும் பிரஷர் மாத்திரையை ஜனங்கள் ஏன் வந்து வாங்குவதில்லை, எப்படிக் கொடுத்தால் வாங்குவார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும். இடம் பழவேற்காடு ஏரி. நான் காட்டூர்ப் பெண். வயலும் வரப்பும் தெரியும், படகில் ஏறினால் வயிற்றைப் புரட்டும். என்னைப் பார்த்துத்தான் இந்த வேலையைக் கொடுத்தார்கள்!

வாசலில் இருவர்

முதல் முகாம் பழவேற்காட்டிலேயே நடந்தது. கூட்டம் சேருகிற இடமாகப் பார்த்து, டச்சுக்காரர் கல்லறைக்கு எதிரில் பந்தல் போட்டோம். 'உங்கள் ஆரோக்கியம் எங்கள் பொறுப்பு' என்று பெரிதாக ஒரு பேனர். எங்கள் திட்டத்தின் தலைவர், சென்னையிலிருந்து வந்த டாக்டர், பேனரோடு எல்லோரையும் நிற்க வைத்துப் படம் எடுக்கச் சொன்னார். எடுத்த படத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, எங்களுக்குப் பின்னால் கல்லறை வாசலின் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் அழகாக விழுந்திருக்கின்றன என்று.

வலைக்கு நூல் வாங்க வந்த ஒரு மீனவர் பேனரை எழுத்துக் கூட்டிப் படித்தார், வாசலைப் பார்த்தார், அப்புறம் எங்களைப் பார்த்தார். "இன்னா மேடம், போன வாட்டி வைத்தியம் பாத்துக்கினவங்கள இன்னும் வீட்டுக்கு அனுப்பல போலகீதே!"

உடற்பயிற்சி உண்டா?

அடுத்து பசியாவரம். ஏரிக்கு நடுவில் இருக்கிற தீவு, படகில்தான் போக வேண்டும். அங்கேதான் கன்னியம்மா அக்காவைப் பார்த்தேன். மீன்கூடைக்காரி. உரத்த குரல், உரத்த சிரிப்பு, அதைவிட உரத்த பிரஷர். ஒரு தடவை மீன் ஏலத்தின் நடுவிலேயே மயங்கி விழுந்திருக்கிறாள். மாத்திரை வாங்க அக்கரை ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய வியாபாரம் போச்சு, அதனால் பாதி மாதம் மாத்திரை இல்லாமலே ஓட்டுவாள். இவளைப் போன்றவர்களுக்காகத்தான் சனிக்கிழமைதோறும் நர்ஸம்மாவைப் படகில் தீவுக்கே அனுப்பினோம். "எந்தச் சனிக்கிழமை வேணும்னாலும் வாங்க" என்று தண்டோராவும் போட்டோம். யாரும் வரவில்லை. ஆள் வராவிட்டால் படகை நிறுத்திவிடுவார்கள் என்று டாக்டர் எச்சரித்தார். அதையும் ஊரில் சொல்லிப் பார்த்தேன். "அடுத்த வாரம் வர்றோம்மா" என்றார்கள், கன்னியம்மா உட்பட.

சரி, சர்வேயையாவது முடிப்போம் என்று அவளிடம் உட்கார்ந்தேன். "வாரத்துல எத்தனை நாள் உடற்பயிற்சி செய்வீங்கக்கா?" என்றேன். அவள் எழுந்து, நிரம்பிய மீன்கூடையைத் தூக்கி என் தலையில் வைத்தாள். நண்டு ஒன்று வேறு விளிம்பில் எட்டிப் பார்த்தது. நான் ஆடிய ஆட்டத்தில் தெருவே கூடிவிட்டது. "நட கண்ணு, அந்தக் கோடி வரைக்கும் நடந்துட்டு வா. அப்புறமும் அந்தக் கேள்வி வந்திச்சின்னா நான் பதில் சொல்றேன்."

குலுக்கல்

டாக்டர் புதுத் திட்டம் ஒன்று கொண்டுவந்தார். குலுக்கலில் பெயர் வந்த வீடுகளுக்கு நர்ஸம்மா வாராவாரம் நேரில் போவார். பெயர் வராத வீட்டுக்காரர்கள் வழக்கம்போல அக்கரைக்கே போக வேண்டும். கடைசியில் இரண்டையும் ஒப்பிட்டால் எது மேல் என்று தெரிந்துவிடும். ஆராய்ச்சி என்றால் அப்படித்தான் செய்வார்கள்.

கோயில் முன்னால் சீட்டுக் குலுக்கினோம். சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். ஆனால் ஊரே முகம் மலர்ந்து உட்கார்ந்திருந்தது. கன்னியம்மா வீட்டுக்குச் சீட்டு விழவில்லை. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. யாருக்கு வேண்டுமோ அவளுக்கே இல்லாமல் போயிற்றே! "மன்னிச்சுக்கோங்கக்கா" என்றேன். அவளோ வெற்றிலையை மடித்துக்கொண்டே என்னைத் தேற்றினாள். "ஐயே, இதுக்கு ஏன் மூஞ்சத் தூக்கிக்கினுகீற? சீட்டுன்னா முன்னப்பின்னதான் வரும்."

போன வாரம் அவர்கள்

முதல் சனிக்கிழமை எல்லாம் ஒழுங்காக நடந்தது. இரண்டாவது சனிக்கிழமை நானும் நர்ஸம்மாவும் போனால், சீட்டு விழுந்த வீடுகள் எல்லாம் பூட்டிக் கிடக்கின்றன. சீட்டு விழாத வீட்டுக்காரர்கள் தலை சீவி, பூ வைத்து, வலை பின்னும் கொட்டகையில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். முதல் ஆள் கன்னியம்மா, முழங்கைக்கு மேல் ஜாக்கெட்டைச் சுருட்டிவிட்டுத் தயாராக!

விசாரித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. இந்த ஏரியில் யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடலாம் என்று சீட்டுக் குலுக்கித்தான் முறை வைப்பார்கள். அந்த முறைக்குப் பெயர் பாடு. இன்று உன் பாடு என்றால் நாளை அடுத்தவன் பாடு. உன் நாளில் நீ போகாவிட்டால் அது போனது போனதுதான். நாங்கள் கோயில் முன்னால் சீட்டுக் குலுக்கியதும், நர்ஸம்மாவுக்கும் பாடு வைத்துவிட்டார்கள் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. வந்தவர்களைத் திருப்பி அனுப்ப நர்ஸம்மாவுக்கு மனம் வரவில்லை, எல்லோருக்கும் பார்த்து மாத்திரை கொடுத்தார். நான் ஓடிப்போய் ஊர்த் தலைவரிடம் ஆராய்ச்சியை விளக்கு விளக்கென்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "எல்லாம் சரிம்மா. ஒருத்தனே வாராவாரம் நல்ல எடத்துல வல வுட்டுக்கினு இருந்தா, மத்தவன் இன்னா கரையில குந்திக்கினு வேடிக்க பாப்பானா?"

டாக்டர் வந்தார்

போனில் கத்தியது போதாதென்று டாக்டர் நேரிலேயே வந்துவிட்டார். இரண்டு கூட்டமும் கலந்துவிட்டதால் இனி எதை எதோடு ஒப்பிடுவது? ஆராய்ச்சி பாழ், இதை மூட்டை கட்ட வேண்டியதுதான், படகும் நின்றுவிடும் என்று கொட்டகையின் நடுவில் நின்று பொரிந்து தள்ளினார். எனக்கு வேலை போகிற கவலை. ஆனால் கன்னியம்மாவின் முகத்தைப் பார்த்தபோது அந்தக் கவலை சின்னதாகிவிட்டது. அத்தனை நாளில் அவள் சிரிக்காமல் இருந்து நான் பார்த்தது அன்றுதான்.

அவள் எழுந்து டாக்டர் முன்னால் போய் நின்றாள். "நாங்க வரலன்னா படகு நிக்கும்னு சொன்னீங்க. இப்ப ஒருத்தர் பாக்கியில்லாம வந்துட்டோம், அதுக்கும் நிக்கும்ன்றீங்க. நாங்க இன்னாதான் பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க சார்."

டாக்டர் கொட்டகையை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். எந்தச் சனிக்கிழமையும் வராத ஊர், பாடு என்றதும் ஒருவர் விடாமல் வந்து உட்கார்ந்திருக்கிறது. எப்படிக் கொடுத்தால் வாங்குவார்கள் என்பதுதானே கேள்வி! குபீரென்று சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்கியதும் என் பக்கம் திரும்பினார். "குலுக்கலைத் தூக்கிப் போடும்மா. தெருவுக்குத் தெரு பாடு வை, மாசத்துக்கு ஒரு சனிக்கிழமை, மாத்திரை ஒரு மாசத்துக்கு. மேலிடத்துல நான் பேசிக்கிறேன்."

எழுந்திருக்காத கன்னியம்மா

மேலிடம் ஒத்துக்கொள்ளுமா என்று தெரியாமலே மாதங்கள் ஓடின. பாடு மட்டும் பிசகவில்லை. வெளியூர்க் கல்யாணத்துக்குப் போனவர்கள்கூடச் சாப்பிட்ட கையோடு படகேறி வந்தார்கள். கன்னியம்மாவின் பிரஷர் இறங்கியது, குரல் மட்டும் இறங்கவே இல்லை.

ஒரு சனிக்கிழமை காலை உத்தரவு வந்தது. படகு நிற்காது, பசியாவரத்து முறையையே மற்ற தீவுகளிலும் வைக்கப் போகிறார்கள். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. படகில் வயிற்றைப் புரட்டுவதுகூட மறந்துபோயிற்று. கரையில் குதித்து, முழங்கால் வரை நனைந்து, "அக்கா! அக்கா!" என்று கத்திக்கொண்டே கொட்டகைக்கு ஓடினேன். அன்று அவள் தெருவின் பாடு. அவளுக்கு முன்னால் ஒரே ஒருத்திதான். "எழுந்து வாங்கக்கா, உங்க படகு விஷயம்தான்!" என்று கையைப் பிடித்து இழுத்தேன். இழுத்த கையை வெடுக்கென்று உதறிவிட்டு இன்னும் அழுத்தமாக உட்கார்ந்தாள். "இன்னாவா இருந்தாலும் அப்பால சொல்லு கண்ணு, இப்ப எழுந்தன்னா என் பாடு பூடும்!"

எங்கள் ஆராய்ச்சி வெற்றி என்று டாக்டர் பக்கம் பக்கமாக எழுதி அனுப்பினார், என்னைக் கேட்டிருந்தால் கன்னியம்மா எழுந்திருக்கவில்லை என்று ஒரே வரியில் முடித்திருப்பேன்.