‘ஆரின்ர மகள்?’ என்று கேட்கும் வாய்

பிரிக்பீல்ட்ஸில் பஸ் ஏறினால், பக்கத்தில் உட்காருகிற பெண் "அக்கா" என்று தொடங்கி மாமியார் சண்டைவரை சொல்லிவிட்டு, தன் பெயரைக்கூடச் சொல்லாமல் இறங்கிப் போய்விடுவாள். எண்பதுகளில் கல்யாணமாகி யாழ்ப்பாணத்திலிருந்து இந்த மலாய் நாட்டுக்கு வந்த புதிதில் எனக்கு இது பெரிய அதிசயம். எங்கள் ஊரில் என்றால், பஸ் இரண்டு தரிப்பு போவதற்குள் அவளுடைய பெரியப்பா எங்கே வேலை செய்தார் என்பது தெரிந்திருக்கும். "ஆரின்ர மகள்?" என்று தகப்பன் பெயரைக் கேட்காவிட்டால் மரியாதைக் குறைவு. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று வளர்த்தார்கள், நானும் குறை வைக்கவில்லை.

அந்த வாயோடுதான் கிள்ளானில் ஒரு கிளினிக்கில் நர்ஸாகச் சேர்ந்தேன். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களிடம் எப்படிப் பேசுவது என்று நர்ஸுகளுக்கும் ஆசிரியைகளுக்கும் அங்கேயே சனிக்கிழமைகளில் பயிற்சி நடந்தது. நடத்திய புஷ்பா, சாலாக் செலாத்தான் என்ற ஊர்க்காரி, என்னைவிடப் பத்து வயது இளையவள். தன்னையே பாதிக்கப்பட்ட பெண்ணாக நினைத்து என்னைப் பேசச் சொன்னாள். "எந்த இடம் பிள்ளை? ஆரின்ர மகள்?" என்று வாஞ்சையோடு தொடங்கினேன். அவள் ஏதோ ஒரு பெயர் சொன்னாள். "ஓ, அவரை எங்களுக்கு நல்லாத் தெரியுமே!" என்றேன், சும்மா ஓர் ஒட்டுதலுக்காக. புஷ்பா கைப்பையை எடுத்துக்கொண்டு அறையை விட்டே போய்விட்டாள்.

திரும்பி வந்து சொன்னாள்: "அன்பாத்தான் கேட்டீங்க அக்கா. ஆனா எனக்கு அப்படிச் செஞ்சது அந்த அப்பாவாவே இருந்தா? அவரு உங்களுக்குத் தெரிஞ்சவரு. நான் எப்படி வாய் திறக்கிறது லா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. வீட்டுக்குப் போகிற பஸ்ஸில்தான், முன்பு நான் நர்ஸாக இருந்த யாழ்ப்பாணத்து வார்டு ஞாபகம் வந்தது. கையெல்லாம் நகக்கீறலோடு ஒரு பிள்ளை. தகப்பன் பெயரைச் சொன்னதும், எனக்குப் படிப்பித்தவர் என்று தெரிந்து, "எங்கட மாஸ்டரின்ர மகளோ!" என்று நான் மகிழ்ந்தேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். மறுநாள் மாஸ்டர் வந்து கூட்டிக்கொண்டு போனார். வாசல்வரை போய் வழியனுப்பியது நான். என்ன நடந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த பஸ்ஸிலேயே அழுதேன்.

அடுத்த சனிக்கிழமையும் போனேன். பயிற்சித் தாள்கள் ஆங்கிலத்திலும் மலாயிலும்தான் இருந்தன. தமிழில் எழுதும் வேலையை புஷ்பா என்னிடமே தந்தாள். இந்த நாட்டுக்கு நான் நன்றி சொல்ல ஆயிரம் இருந்தாலும், முதல் நன்றி அந்தத் தாளுக்குத்தான்.

சில மாதங்களில் மேரு என்ற பக்கத்து ஊரிலிருந்து ஒரு தொழிற்சாலைப் பெண் மணிக்கட்டு வீங்கி வந்தாள். கட்டுப்போட என்னிடம் அனுப்பினார்கள். கதவோரமாக உட்கார்ந்தாள். என் நாக்கு துடித்தது. "கதவைச் சாத்தவோ, திறந்திருக்கட்டோ?" என்று மட்டும் கேட்டேன்.

"திறந்தே இருக்கட்டும் அக்கா."

கட்டைச் சுற்றி முடித்தேன். பிறகு, "சூப்பர்வைசர்…" என்றாள். முழுவதும் சொல்ல வெகுநேரம் பிடித்தது.

"நான் நம்புறன். உங்கட பிழையில்லை. இனி என்ன செய்யிறதெண்டு நீங்கள்தான் சொல்ல வேணும்," என்றேன். அன்று மாலையே புஷ்பாவைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

கட்டு அவிழ்க்க வந்த நாளில் கதவைத் தானே சாத்திவிட்டு, நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"நீங்க எந்த ஊரு அக்கா? அன்னைக்கே கேக்கணும்னு நெனச்சேன்."

"யாழ்ப்பாணம். இப்ப பிரிக்பீல்ட்ஸ்."

"ரெண்டு ஊரா!" என்று சிரித்தாள். ‘நீ ஆரின்ர மகள்?’ என்று கேட்கத் தவித்த யாழ்ப்பாணத்து நாக்கை வாய்க்குள்ளேயே பிடித்துக்கொண்டு, அவள் கட்டை மெதுவாக அவிழ்த்தேன்.