நாலு உருளை ஸ்டில்டனும் ஒரு போத்தல் இஞ்சியும்

சனிக்கிழமை பின்னேரம் நாலேகாலுக்கு, எங்கள் கடையில் இருந்த கடைசித் துண்டு ஸ்டில்டன் சீஸும் விற்றுப்போனது. நான் கவுண்டருக்குப் பின்னால் நின்று கை தட்டினேன். தனியாகத்தான்... ஆனால் பலமாக!

ஒரு துண்டு சீஸுக்கு இவ்வளவு கொண்டாட்டமா என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

நான் வேலை செய்த தையல் தொழிற்சாலை மூடின பிறகு, ரொக்ஸ்பரோ ஸ்டேஷனுக்குக் கிட்ட ஒரு கடையில் எனக்கு வேலை கிடைத்ததை முன்பு எழுதியிருந்தேன். அயர்லாந்து, இங்கிலாந்துச் சாப்பாட்டுச் சாமான் விற்கிற கடை. செடார், வென்ஸ்லிடேல் என்று சீஸ் வகைகள், தோடம்பழ மார்மலேட், கோல்டன் சிரப்... எல்லாம் கடல் தாண்டி வருகிறவை. முதலாளி மொரீன், அறுபது தாண்டியவர். பூர்வீகம் அயர்லாந்து. பிலோமினா என்ற என் பெயரைப் பார்த்ததும், "இது எங்கட ஊர்ப் பெயரல்லோ!" என்று சந்தோஷப்பட்டு வேலை தந்தார். எங்கள் மன்னாரில் தெருவுக்கு மூன்று பிலோமினா இருப்பதை நான் சொல்லவில்லை.

இன்னொன்றையும் சொல்லவில்லை. எனக்குச் சீஸ் மணமே ஆகாது. எட்டு மாதமாக மூச்சை அடக்கிக்கொண்டுதான் வெட்டி விற்றேன். "ருசி எப்படி?" என்று யாராவது கேட்டால், "வெரி நைஸ்!" — பச்சைப் பொய்.

அதிலும் இந்த ஸ்டில்டன்! உள்ளே நீல நீலமாகப் பூஞ்சணம் ஓடும். தவறிப் பிடித்ததல்ல, வேண்டுமென்றே பிடிக்கவிடுவது. நம் வீட்டுப் பாண் ரொட்டியில் அப்படி ஒரு புள்ளி கண்டால் என்ன செய்வோம்?

நவம்பர் கடைசியில் மொரீன் காய்ச்சலோடு வீட்டில் படுத்துவிட்டார். "பிலோ, கிறிஸ்மஸுக்கு ஸ்டில்டன் கால் உருளை போதும். நீரே ஃபோனிலை சொல்லிவிடும்" என்றார். இது பிரெஞ்சு பேசுகிற ஊர்; மொத்த வியாபாரியோடும் பிரெஞ்சில்தான் கதைக்க வேண்டும். காலுக்குப் பிரெஞ்சில் 'கார்'. நாலுக்கு 'காத்ர்'. என் வாயில் எது வந்திருக்கும்?

கால் கேட்ட இடத்தில் நாலு வந்து இறங்கியது. ஒவ்வொன்றும் பெயிண்ட் வாளி பருமன், எட்டுக் கிலோ. திருப்பி எடுக்கமாட்டோம் என்று வியாபாரி கையை விரித்துவிட்டார்.

காய்ச்சல் விட்டு வந்த மொரீன் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. நாலு உருளையையும் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"பிலோ, நீர் சீஸே சாப்பிடுறேல்லை, என்ன?"

தெரிந்திருக்கிறது!

"ஒருநாளும் வாயிலை வைக்காத சாமானை நீர் எப்படி விற்கப்போறீர்? சரி... கிறிஸ்மஸ் முடியட்டும். பேந்து கதைப்பம்."

ஐம்பத்துநாலு வயதில், முதலாளி வாயால் "பேந்து கதைப்பம்" கேட்டால் அதன் அர்த்தம் விளங்காதா? வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் கோபம் கோபமாக வந்தது. மொரீன் மேல் அல்ல — என் மேல். அவர் கேட்டது நியாயமான கேள்விதானே?

அன்று வீட்டுக்கு ஒரு துண்டு ஸ்டில்டன் வாங்கிக்கொண்டு போனேன். பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் ஃபிளாட் கையளவு. பொட்டலத்தைப் பிரித்ததும் என் கணவர் அந்தோனி ஓடிப்போய் யன்னலைத் திறந்தார். டிசம்பர் குளிரில்!

"என்னப்பா இது மணக்குது?"

"சீஸ். சாப்பிடப்போறன்."

"ஆர், நீரோ?"

"ஓம், நான்தான்!"

சமையலறை மேசையில் கிறிஸ்மஸ் ரிச் கேக்குக்கு வெட்ட எடுத்த சாமான்கள் பரவிக் கிடந்தன. கஜுப் பருப்பு, முந்திரிகை வத்தல் என்கிற காய்ந்த திராட்சை, பேரீச்சம்பழம், எங்கள் கடையிலேயே வாங்கின ஒரு போத்தல் இஞ்சி. சீனிப் பாகில் ஊறின முழுத் துண்டு இஞ்சி. கத்தியை வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஸ்டில்டனை வாயில் போட்டேன்.

உப்பு. பிறகு ஒரு கைப்பு. பிறகு ஈரச் சுவரை நக்கினது போல ஏதோ ஒன்று... கண்ணால் தண்ணி வந்துவிட்டது. துப்பக்கூடாது என்று வைராக்கியம். அவசரத்துக்குக் கையில் அகப்பட்ட இஞ்சித் துண்டை, பாகு வடிய வடிய, அதன் மேலேயே வாயில் திணித்தேன்.

அப்படியே நின்றுவிட்டேன்.

அந்த உப்பு போய் இனிப்பில் சாய்ந்தது. சீஸ் வெண்ணெய் மாதிரிக் கரைந்தது. கைப்பைக் காணோம்! கடைசியில் தொண்டையில் இஞ்சியின் சின்ன எரிவு. "ஐயோ..." என்றேன்.

"சத்தி வருதோ?" என்று இவர் வாளியைத் தூக்கிக்கொண்டு பதறி வந்தார்.

"இல்லையப்பா. இன்னொரு துண்டு வெட்டித் தாங்கோ!"

கடைசியில் இவரும் நாலு பிஸ்கட்டில் வைத்துச் சாப்பிட்டார். யன்னலையும் தானே போய்ச் சாத்தினார்.

அடுத்த சனிக்கிழமை, கவுண்டரில் ஒரு தட்டு வைத்தேன். ஒவ்வொரு பிஸ்கட்டிலும் ஸ்டில்டன், மேலே மெல்லிய இஞ்சிச் சீவல், ஒரு சொட்டுப் பாகு. மொரீன் நெற்றியைச் சுருக்கினார்.

"ஸ்டில்டனுக்குப் பேரிக்காயும் போர்ட் வைனும்தான் எங்கட வழக்கம், பிலோ."

"ஒரேயொரு நாள் விட்டுப் பாருங்கோ, மொரீன். நான் சாப்பிட்டுப் பாத்திட்டன்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு தூரத்து அலுமாரிக்குப் போய்ச் சாமான் அடுக்கத் தொடங்கினார்.

முதலில் வந்தது யார் தெரியுமா? ஹரல்ட்! எண்பது வயது இங்கிலாந்துக்காரர். நான் சீஸ் வெட்டுகிற விதத்தில் கிழமைக்குக் கிழமை பிழை பிடிக்கிறவர். தட்டை உற்றுப் பார்த்தார். ஒன்றை எடுத்தார். மென்றார்... மென்றார்... தூரத்தில் மொரீன் அசையாமல் நின்றார்.

"மேடம், இது ஆரின்ரை யோசனை?"

"என்ரை."

"எண்பது வருஷமா ஸ்டில்டன் தின்னுறன். எனக்கு இது தோன்றேல்லையே!"

ஒரு கிலோ கட்டச் சொன்னார். இரண்டு போத்தல் இஞ்சியும். ஆனால் போகவில்லை. தட்டுக்குப் பக்கத்திலேயே அரை மணித்தியாலம் நின்று, வருகிறவர்களை எல்லாம் அதட்டினார். "இஞ்சியோடை சாப்பிடுங்கோ. இல்லாட்டித் தொடவே வேண்டாம்!"

யாரோ என்னிடம் ருசி எப்படி என்று கேட்டார்கள். முதல் முறையாக உண்மையைச் சொன்னேன். ஆங்கிலத்தில், அரைகுறைப் பிரெஞ்சில்... நல்ல தமிழிலும்தான். ஏனென்றால் கோவிலில் கேள்விப்பட்டு எங்கட சனமும் வரத் தொடங்கிவிட்டது. "அக்கா, அந்தப் பூஞ்சணச் சீஸ் இருக்கோ?" முதல் உருளை அன்றைக்கே முடிந்தது. நடுக்கிழமையில் இரண்டாவது. இஞ்சிப் போத்தல்களுக்கு இரண்டு முறை ஓடர் கொடுக்க வேண்டியதாயிற்று. கடைசியாக இந்தச் சனிக்கிழமை, நாலேகாலுக்கு... அதுதான் சொன்னேனே, கை தட்டினேன் என்று!

மொரீன் பக்கத்தில் வந்து நின்றார்.

"பிலோ, பேந்து கதைப்பம் எண்டு சொன்னனான். இப்பவே கதைப்பம். இனிக் கவுண்டர் உம்மடை பொறுப்பு. என்ன எடுக்கிறது, எதோடை எது சேரும்... நீரே முடிவெடும்."

"தாங்க் யூ, மொரீன்" என்று மிகவும் அடக்கமாகச் சொன்னேன். பிறகு குளிர் அறைக்குள் போய், கதவைச் சாத்திவிட்டு, செடார் உருளைகளுக்கு முன்னால் இரண்டு ஸ்டெப் ஆடினேன்.

பிறந்ததிலிருந்து ஒன்றை விரும்பித் தின்றவருக்கு, அது பிடிக்காதவரின் கஷ்டம் எங்கே விளங்கும்? முகத்தைச் சுளிக்கிறவரை வழிக்குக் கொண்டுவர, முகம் சுளித்துப் பழகின ஒருத்திதான் வேண்டும்.

இப்போது செடாருக்கு ஒரு ஜோடி தேடுகிறேன். தேசிக்காய் ஊறுகாயில் ஒரு கண் இருக்கிறது... ஹரல்டுக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ!