சலூனில் ஒரு தீர்ப்பு

கல்முனையில் எனக்கு முடி வெட்டியவர் தாடிக்கு மருதோண்டி போட்டிருப்பார். தீர்ப்புச் சொல்லும்போது மட்டும் கத்தரிக்கோலை நிறுத்துவார். மதத்தைச் சொல்லி ஒரு கிழவரை அடித்த பதினேழு வயதுப் பையனின் வழக்கை ஒருநாள் பேப்பரில் பார்த்துச் சொன்னேன். சிறுவன் என்பதால் பெயர் போடவில்லை.

கத்தரிக்கோல் நின்றது. “பொடியன் ஆர்ட ஆள் சேர்?”

“நம்மட ஆள்தான்” என்று சும்மா சொன்னேன்.

“பாவம், சின்னப் புள்ள. புத்தி சொல்லி உடணும்.”

“இல்ல, மற்றப் பக்கத்து ஆளாம்.”

“பதினேழு வயசென்டா எருமைக்கடா சேர். இருவது வருசம் உள்ள போடணும்.”

நீதிபதிகள் மாதக்கணக்கில் திணறும் வழக்கை அவர் அரை நிமிடத்தில் இரண்டு தரம் தீர்த்துவிட்டார். அடிபட்ட கிழவர் பிழைத்தாரா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் முழித்திருப்பேன். செய்தியில் நானும் பையன் எந்தப் பக்கம் என்றுதான் தேடியிருந்தேன்.