ஒழுகும் பானையில் முதலில் மொண்டவள்

ஆரோக்கியமேரியைக் கொன்றது அந்த லாரியை ஓட்டியவர் அல்ல, அதன் முதலாளி. காவல் நிலையத்தில் விபத்து என்று எழுதிக்கொண்டார்கள். எழுதுகிறவர்களுக்கு அது வசதியான சொல்.

அவள் தம்பிதான் போன் செய்தான். "அண்ணே, அக்கா போயிட்டாங்க. கல்லு லாரிண்ணே" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். விடுப்பில் வந்தவள் ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, தம்பியின் ஸ்கூட்டரை வாங்கிக்கொண்டு வரதராஜன்பேட்டைக்குப் போயிருக்கிறாள். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரி வளைவில் நிற்கவில்லை. விமானத்தில் எத்தனையோ முறை மேலே போய்ப் பத்திரமாக இறங்கியவளை அரியலூர் மாவட்டத்துத் தார்ச்சாலை விழுங்கிவிட்டது.

அவளை அறிந்தவர்கள் கல்லறைத் தோட்டத்தில் அழுதது போதும். மேரி ஜெயித்தவள். அதைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

நாங்கள் இருவரும் ஒரே பயிற்சிக் கழகத்தில் விமானம் ஓட்டக் கற்றோம். நான் குரும்பலூர், அவள் வரதராஜன்பேட்டை. மற்றவர்கள் காரில் வந்து இறங்குவார்கள், நாங்கள் பஸ்ஸில் வருவோம். அவளுடைய அப்பா முந்திரித் தோப்பும் ஒரு பழைய டிராக்டரும் வைத்திருந்தார். அந்த டிராக்டரில் டீசல் காட்டும் முள் எப்போதோ செத்துவிட்டதால், காலையில் டேங்கில் குச்சி விட்டுப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்கள். மேரி அந்தப் பழக்கத்தை விமானத்துக்கும் கொண்டுவந்தாள்.

எங்கள் சிறிய விமானத்தின் இரண்டு இறக்கைகளிலும் தலா ஒரு பெட்ரோல் டேங்க் உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றிலிருந்துதான் என்ஜினுக்குப் போகும். நடுவே உள்ள கைப்பிடியைத் திருப்பி டேங்கை மாற்ற வேண்டியது ஓட்டுகிறவர் வேலை. எதில் எவ்வளவு இருக்கிறது என்று காட்ட இரண்டு முட்கள். அந்த முட்களை யாரும் முழுதாக நம்பக் கூடாது என்பது பாடத்திலேயே இருக்கிறது. ஆனால் டேங்கில் விட்டுப் பார்க்கக் கழகம் வைத்திருந்த அளவுகோல் உடைந்து வெகுநாளாகியும் யாரும் வேறு வாங்கவில்லை. மேரி ஒரு பலகைக் குச்சியை எடுத்து, காலி டேங்கில் கேன் கேனாக ஊற்றி, ஒவ்வொரு கேனுக்கும் பிளேடால் கோடு கீறினாள். பறக்குமுன் இரண்டு டேங்கிலும் குச்சி விடாமல் உள்ளே ஏறமாட்டாள். தலைமைப் பயிற்சியாளர் ஒருநாள் எல்லார் முன்னாலும், "மேரி, இது உங்க அப்பா டிராக்டர் இல்லம்மா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். "டிராக்டர் நின்னா எறங்கி நடந்துடலாம் சார்" என்றாள்.

முதல் உரிமம் வாங்கியபின், அடுத்த உரிமத்துக்கு வேண்டிய பறக்கும் மணிக்கணக்குக்காக நாங்கள் இருவரும் ஒன்றாகப் போன நாள் அது. மேரி ஓட்டினாள். நான் பக்கத்தில். வலது டேங்கில் கிளம்பினோம். பெரம்பலூரைத் தாண்டி அரியலூர் பக்கம் திரும்பியபோது, கீழே சுண்ணாம்புச் சுரங்கங்கள் வெள்ளைக் குழிகளாகத் தெரிந்தன. அப்போதுதான் இடது முள் இறங்குவதைப் பார்த்தேன். இடது டேங்கை நாங்கள் இன்னும் தொடவேயில்லை.

அந்த முள் பைத்தியம் என்று கழகம் முழுக்கத் தெரியும், விடு என்றேன்.

"கூடக் காட்டினா நம்பாத. கொறைச்சுக் காட்டினா நம்பு" என்றாள். பிறகு தன் பக்கத்துக் கண்ணாடி வழியே பார்த்தாள். "டேய் குரும்பலூரு, மூடிக்குப் பின்னால ஈரம்டா."

எட்டிப் பார்த்தேன். டேங்க் மூடியின் இடுக்கிலிருந்து பெட்ரோலைக் காற்று உறிஞ்சி எடுத்துக்கொண்டிருந்தது. திட்டப்படி வலதைச் செலவழித்துவிட்டு அப்புறம் இடதுக்கு மாறியிருந்தால், அங்கே ஒன்றும் இருந்திருக்காது. இரண்டும் வறண்டு முந்திரிக் காட்டின் மேல் விழுந்திருப்போம்.

உடனே திரும்பு என்றேன். அவள் ஏற்கெனவே திருப்பிக்கொண்டிருந்தாள். கூடவே பெட்ரோலைத் தள்ளும் பம்பைப் போட்டு, கைப்பிடியை இடதுக்கு மாற்றினாள். காலியாகிக்கொண்டிருக்கும் டேங்குக்கா மாற்றுவது?

"ஒழுவுற பானையிலதான் மொதல்ல மோக்கணும். காத்துல போறத என்ஜின் குடிச்சிட்டுப் போவட்டும். நல்ல பானை அப்படியே இருக்கும்."

அவ்வளவுதான் பேசினாள். வானொலியில் தகவல் சொன்னாள். ஒரு கண் கடிகாரத்தில், ஒரு கண் பெட்ரோல் அழுத்தம் காட்டும் முள்ளில். இடது டேங்க் வறள்வதற்குள் வலதுக்கு மாற்றினாள். என்ஜின் ஒருமுறைகூட இருமவில்லை. வலதில் எவ்வளவு மிஞ்சியிருக்கும், குச்சியில் எந்தக் கோடு நனையும் என்று வழியிலேயே சொல்லிவிட்டாள்.

இறங்கியதும் முதல் வேலையாகக் குச்சியை விட்டாள். சொன்ன கோடுதான் நனைந்திருந்தது. தலைமைப் பயிற்சியாளர் இடது மூடியைத் திறந்து உள்ளேயிருந்த ரப்பர் வளையத்தைத் தொட்டார். கையோடு பிய்ந்து வந்தது.

"எல்லா பிளேனோட மூடியையும் பாத்துட்டுதான் சார் நாளைக்குப் பறக்கணும்" என்றாள் மேரி.

"நாளைக்கு எதுக்கு, இப்பவே பாக்கலாம். அந்தக் குச்சியக் கொஞ்சம் குடும்மா" என்றார் அவர். அன்றைக்குச் சிரித்தவர்களெல்லாம் வரிசையில் நின்று தங்களுக்கும் குச்சி கீறிக்கொண்டார்கள். காரில் வந்தவர்களும்தான்.

பிறகு அவள் அங்கேயே பயிற்சியாளர் ஆனாள். ஒருமுறை தன் ஊருக்கு மேலே பறந்து இறக்கையை ஆட்டிவிட்டு வந்தாள். அன்று மாலை அவள் அப்பா எனக்குப் போன் செய்து, "முந்திரி பூத்திருக்கு தம்பி, இன்னும் கொஞ்சம் மேல போவச் சொல்லுங்க" என்றார். பெருமையை அவர் அப்படித்தான் சொல்வார்.

கல் லாரிகளில் காற்றழுத்தத்தில் பிடிக்கும் பிரேக். காற்று போதுமா என்று காட்ட ஓட்டுநர் முன்னால் ஒரு முள் இருக்கும். விபத்து நடந்த இடத்தில் அந்த ஓட்டுநர் தலையில் கை வைத்து உட்கார்ந்துகொண்டு கூட்டத்திடம் சொன்னாராம்: "முள்ளு செத்து ரொம்ப நாளாச்சுங்க. ஓனர்ட்ட சொன்னேன். ஓடுற வரைக்கும் ஓட்டுன்னாரு."

மேரி ஒழுகுவதைக் கண்டதும் திரும்பினாள். இவர்கள் தெரிந்தே அனுப்பினார்கள். இரண்டுக்கும் நடுவில் இருப்பதை விதி என்று என்னிடம் யாரும் சொல்ல வேண்டாம்.

அந்தக் குச்சியை அவள் தம்பி என்னிடம் கொடுத்துவிட்டான். பெட்ரோல் வாடை இன்னும் போகவில்லை. நான் பறக்கும் வரை அது என்னோடு வரும். குறைத்துக் காட்டினால் நம்பு என்ற அவள் பேச்சும் வரும்.

அடக்கத்துக்கு லாரி முதலாளி மலர்வளையம் அனுப்பியிருந்தார். கொண்டுவந்த ஆளிடம் ஒன்று கேட்டேன். அவர் கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு காருக்குப் போய்விட்டார். போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டேன். சாரு மீட்டிங்கில் இருக்கிறார் என்றார்கள். இங்கேயும் கேட்கிறேன். அன்று காலை அந்தச் செத்த முள்ளைப் பார்த்தபின்னும் வண்டி போகலாம் என்று சொன்னது யார்? பெயரைச் சொல்லுங்கள்.